இருபத்திரண்டு ஜப்பான் சேலைகள்

என் வீட்டுக்காரர் வேல்சாமியைச் சுங்கத்துறைக்காரர்கள் பிடித்தபோது அவர் மூட்டையில் இருபத்திரண்டு சேலை இருந்தது. அத்தனையும் சூரத்தில் நெய்த பாலியெஸ்டர் சேலை. அத்தனையின் ஓரத்திலும் ‘மேட் இன் ஜப்பான்’ என்று தங்க எழுத்தில் இருந்தது. அதைப் பதித்தவள் நான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒன்றும் அப்பாவி இல்லை. நாகர்கோவில் பக்கம் எட்டாம் வகுப்பு வரை படித்தவள், இங்கிலீஷ் எழுத்து நன்றாகத் தெரியும். 1976-ல் திருவனந்தபுரத்தில் எந்த வீட்டுப் பெண்ணுக்கும் சூரத் சேலை வேண்டாம். பாரின் சேலைதான் வேண்டும். கொழும்பிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ யாரோ பெட்டியில் கொண்டுவந்ததாக இருக்க வேண்டும். நானும் அவரும் சாலைக் கடைத்தெருவில் ஆறுமுகசாமி அண்ணாச்சியின் மொத்தக்கடையில் சேலை எடுத்து, ஆளுக்கொரு தெருவாக மூட்டை சுமந்து விற்போம். பிரித்துக் காட்டினால், தொட்டுக்கூடப் பார்க்காமல் "பாரின் இல்லையா?" என்பார்கள். ஒரு வருஷம் இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல் தலைக்கேறிவிட்டது. பாரின்தானே வேண்டும், இந்தா பிடி என்று ஆரம்பித்ததுதான்.

சீல் வெட்டுகிறவரிடம் பித்தளை அச்சு ஒன்று செய்து வாங்கினேன். புத்தகத்தின் முதுகில் பெயர் பதிக்கிற தங்கத்தாளை பைண்டிங் கடையில் வாங்கினேன். சேலை ஓரத்தில் தாளை வைத்து, அச்சைச் சூடாக்கி அழுத்தினால் எழுத்து ஏறிவிடும். சூடு கூடினால் பாலியெஸ்டர் சுருங்கிப் பொத்தல் விழும், குறைந்தால் எழுத்து உரியும். நாலு சேலையைக் கெடுத்த பிறகு கை பழகியது. அதற்கப்புறம் நான் பதித்த எழுத்தை நகத்தால் சுரண்டினாலும் வராது. அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அவசரநிலைக் காலம் அது. கடத்தல் சாமான் என்று எங்கே பார்த்தாலும் சோதனை. தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் மூட்டையோடு நின்றவரை வளைத்துக்கொண்டார்கள். மூன்றாம் வாரம்தான் எனக்கு ஜெயிலில் பார்க்க அனுமதி கிடைத்தது. பக்கத்து வீட்டு எலிசாளிடம் பிள்ளைகள் இரண்டையும் விட்டுவிட்டுப் போனேன். போகும்போது மனசு கொஞ்சம் தைரியமாகத்தான் இருந்தது. உள்ளூர்ச் சேலைதானே, எழுத்து நாங்கள் பதித்தது என்று சொன்னால் திட்டி விட்டுவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் தாடியோடு நின்றார்.

"நான் ஒண்ணு எழுதிக் குடுத்துட்டேன், மாடம்மா," என்றார். "ஏர்போர்ட்டுக்கு வெளிய, கொழும்புலேர்ந்து வந்த ஒருத்தன்ட்ட வாங்கினேன், பேரு தெரியாதுன்னு."

"ஏன் அப்படிச் சொன்னீங்க? உள்ளதைச் சொல்ல வேண்டியதுதானே?"

"ஏட்டி, மெதுவாப் பேசு. உள்ள பகவதிப்பெருமாள்னு ஒருத்தன் இருக்கான், விவரம் தெரிஞ்சவன். பாரின் சாமான்னா துணியப் பிடிச்சு வச்சுக்கிட்டு அபராதம் போட்டு விட்ருவாங்களாம். கள்ள லேபிள்னா ஒட்டினது யாருன்னு கேப்பாங்க. வீட்டுக்கு வந்து உன்னைத் தூக்குவாங்க. சின்னப் பிள்ளைய வச்சுக்கிட்டு நீ இங்க வந்து கெடப்பியா?"

விவரம் தெரிஞ்சவனாம். அந்தப் பகவதிப்பெருமாள் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால்! அவரைப் பிடித்த அன்றைக்கே சுங்க அலுவலகத்தில் என்னிடம் சொல்லியிருந்தார்கள், கடத்தல்காரன் என்று ஆகிவிட்டால் விசாரணையே இல்லாமல் ஒரு வருஷம் உள்ளே வைக்கச் சட்டம் இருக்கிறது என்று. அதை அவரிடம் சொன்னேன். அவர் கம்பியை விட்டுவிட்டு இரண்டு கையையும் முகத்தில் வைத்துக்கொண்டார்.

"அப்போ இனி மாத்த முடியாது, அல்லே?" என்றார்.

அன்றைக்குப் புதன்கிழமை. அங்கிருந்து நேரே சுங்க அலுவலகத்துக்குப் போனேன். எங்கள் சேலை நீலகண்டன் சார் மேசைக்கு வந்திருந்தது. வெளிநாட்டுச் சாமான் எது, எந்த இனம், எந்த தேசம் என்று பார்த்து எழுதுகிற அதிகாரி அவர். பாலக்காட்டுப் பக்கத்துக்காரர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் பேசுவார். கத்தமாட்டார். கத்துகிறவர்களிடம் எனக்குப் பதிலுக்குக் கத்த வரும். இப்படிப்பட்டவர்களிடம்தான் என்ன செய்வதென்று தெரியாது.

"என் முன்னாடி இருக்கறது ரெண்டே கேள்வி," என்றார். "இது என்ன சாமான், எந்த தேசத்துச் சாமான். ரெண்டுக்கும் பதில் எழுதினாத்தான் ஃபைல் நகரும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இது செக்ரடேரியட்டுக்குப் போகணும், ஒரு வருஷம் உள்ளே வைக்கற ஆர்டர் அங்கேதான் போடறா. அதுக்கப்புறம் என் கையில ஒண்ணும் இல்லை, கேட்டேளா?"

"சூரத்துச் சாமான், சாரே."

"நீங்க சொன்னாப் போறாது. துணி சொல்லணும். செயற்கை நூல் துணின்னா, அது கடத்தினது இல்லேன்னு வச்சிருக்கறவாதான் காட்டணும். சட்டம் அப்படியாக்கும். உங்காத்துக்காரரே கொழும்புன்னு எழுதிக் குடுத்திருக்கார். ஓரத்துல ஜப்பான்னு இருக்கு. போறாததுக்கு இதைப் பாருங்கோ."

ஒரு காகிதத்தைத் திருப்பி வைத்தார். சேலையில் வெட்டி அனுப்பிய துண்டைச் சோதித்து வந்த அறிக்கை. நூல் ஜப்பான் நூல் என்று அதில் இருந்தது.

"அதெப்படி?" என்றேன். எனக்கே ஒரு நிமிஷம் பயம் வந்துவிட்டது. நான் பொய்யாக எழுதியது எப்படியோ உண்மையாகிவிட்டதோ என்று.

"சூரத்துக்காராளும் ஜப்பான் நூலைப் பெர்மிட்ல வாங்கித்தான் நெய்யறா. அதனால நூல் எந்த தேசம்ங்கறது எனக்கு முக்கியமில்லை. நெசவு எங்கே ஆச்சோ அதுதான் துணியோட தேசம். அதை நூல்கிட்டக் கேட்டா சொல்லுமோ?"

நான் மடியிலிருந்த பையைத் திறந்தேன். அச்சும் தாளும் கொண்டுபோயிருந்தேன். பியூன் டீ போடுகிற ஸ்டவ்வில் அச்சைச் சூடாக்கி, அந்தச் சோதனைத் துண்டின் மிச்சத்தில், அத்தனை பேர் பார்க்க, ‘மேட் இன் ஜப்பான்’ என்று பதித்துக் காட்டினேன். அலுவலகமே எழுந்து வந்து சுற்றி நின்றது. நீலகண்டன் சார் உள்ளேயிருந்து நிஜமான ஜப்பான் சட்டைத்துணி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"உங்களுதுதான் நேரா இருக்கு," என்றார்.

யாரோ சிரித்தார்கள். மானத்தை விற்றாவது அவரை மீட்டுவிட்டேன் என்று நினைத்தேன். அழுகை வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"லேபிள் பொய்ன்னு காட்டியாச்சு. நான் நம்பறேன். ஆனா துணி எங்கே நெய்ததுன்னு நீங்க காட்டலையே. இந்த லேபிளை நீங்க கொரியாத் துணியிலயும் பதிக்கலாம், தைவான் துணியிலயும் பதிக்கலாம். மில் முத்திரை எங்கே? நம்ம தேசத்து மில்லுன்னா ஒவ்வொரு சேலை முனையிலயும் பேரு, ஊரு, டிசைன் நம்பர் எல்லாம் அடிச்சிருக்கணுமே?"

"வெட்டி எடுத்துட்டேன், சாரே."

"அந்தத் துண்டெல்லாம்?"

"அடுப்புல போட்டுட்டேன்."

துண்டு ஒன்று விடாமல் போட்டிருந்தேன். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று, அவ்வளவு ஜாக்கிரதை. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வாங்கின கடைக்காரர் வந்து சொன்னால் போதும் என்று மட்டும் சொன்னார்.

சாலைக் கடைத்தெருவுக்கு ஓடினேன். ஆறுமுகசாமி அண்ணாச்சி என்னைத் தூரத்தில் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார். தீபாவளிக்குத் தீபாவளி எங்கள் பிள்ளைகளுக்குச் சட்டைத்துணி கொடுக்கிற மனிதர்.

"எந்தச் சேலை?" என்றார். "நீ என் கடையில வாங்கினதுக்குப் பில் வச்சிருக்கியா?"

"என்னைக்கு அண்ணாச்சி நீங்க பில் குடுத்தீங்க?"

"அப்போ என் கடையில வாங்கல்ல. பின்னே என்ன? போ தாயி, வியாபாரம் நடக்கிற நேரம்."

அவர் கண்ணிலும் பயம்தான் இருந்தது. பில் இல்லாமல் விற்றது வெளியே வந்தால் கடைக்குப் பூட்டு விழும். அது எனக்குப் புரிந்தது. புரிந்தும் நான் அந்தக் கடை வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். தெருவே வேடிக்கை பார்த்தது. ஏசி முடித்தபோது மூட்டை தூக்குகிறவர்கள் விலகி எனக்கு வழிவிட்டார்கள். அந்தக் கடையில் என்னால் ஆன காரியம் அது ஒன்றுதான்.

வியாழக்கிழமை காலையில் மறுபடியும் சுங்க அலுவலகம். கையில் ஒன்றும் இல்லை. இருந்தும் போனேன், வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்போல் இருந்தது. நீலகண்டன் சாரும் அவருடைய குமாஸ்தா சத்தியதாஸும் பெரிய தடிப் புத்தகம் ஒன்றை விரித்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். எந்தச் சாமானுக்கு எந்த வரி என்று வரிசை வரிசையாக எழுதியிருக்கிற புத்தகம் அது.

"சாரே, சேலையை எந்தத் தலைப்புல எழுதணும்? துணின்னா, உடுப்புன்னா?" என்றார் சத்தியதாஸ்.

"தையல் இல்லையே. உடுத்திக்கறது வாஸ்தவம்தான், ஆனாலும் தறியிலேர்ந்து இறங்கினபடி இருக்கு. துணின்னு போடும்."

என் புருஷன் ஒரு வருஷம் உள்ளே கிடக்கப் போகிறார், இவர்கள் சேலை துணியா உடுப்பா என்று புத்தகம் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"துணின்னா என்ன, உடுப்புன்னா என்ன?" என்று எழுந்து கேட்டேன்.

"துணின்னா நிரூபிக்கற பொறுப்பு உங்களுது," என்றார் நீலகண்டன் சார். "தச்ச உடுப்புன்னா வேற கணக்கு."

"அப்போ உடுப்புன்னு எழுதுங்க. எங்க சேலையில தையல் உண்டு. ஃபால்ஸ் வச்சுத் தச்சிருக்கு."

சேலையின் கீழ்க்கரையில், உள்பக்கமாக, கொசுவம் நின்று விழுவதற்காக வைத்துத் தைக்கிற பட்டைத்துணியைத்தான் சொன்னேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். சத்தியதாஸ் அலமாரியைத் திறந்து இரண்டு சேலையைப் பிரித்துப் பார்த்தார்.

"இதுல ஃபால்ஸ் ஒண்ணும் இல்லல்லோ," என்றார்.

"இதுல இல்ல. முதல்ல எடுத்த அஞ்சு சேலையில தச்சேன்."

நீலகண்டன் சார் நிமிர்ந்தார். "ஏன் தச்சேள்? இதுல ஏன் தைக்கல்லை?"

"அப்பல்லாம் முத்திரைய வெட்டத் தோணல்ல, சாரே. வெட்டினா சேலை நீளம் குறையுமேன்னு நெனச்சேன். அதனால முத்திரை மேல..."

அதற்கு மேல் சொல்ல வரவில்லை. முத்திரை மேல் ஃபால்ஸை வைத்துத் தைத்து மறைத்தேன். அந்த ஐந்து சேலையிலும், ஃபால்ஸுக்கு அடியில், மில் பெயரும் ஊரும் டிசைன் நம்பரும் அப்படியே இருக்கும். நன்றாக ஓடிய டிசைன் என்று அதையேதான் நாங்கள் திரும்பத் திரும்ப எடுத்தோம். அலமாரியில் கிடந்த இருபத்திரண்டும் அதே வெள்ளைப் பூ, அதே கரை.

அவருக்கும் புரிந்துவிட்டது. "ஒண்ணு கொண்டாங்கோ," என்றார். "ஒண்ணே ஒண்ணு போறும்."

ஐந்தில் மூன்றைப் பஸ் ஸ்டாண்டில் யார் யாருக்கோ விற்றிருந்தோம். ஒன்றை வாங்கின டீச்சர் பம்பாய்க்கே குடிபோய்விட்டார். மிச்சம் ஒன்று. அது வலியசாலைத் தெருவில் சாவித்ரி மாமிக்கு விற்றது. மகள் சூடாமணிக்குக் கல்யாணம் நிச்சயமான சமயம். அரைமணிக்கூர் பேரம் பேசி, முகர்ந்து பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்கினார்.

வலியசாலைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. மாமி வாசலில் கோலப்பொடி டப்பாவோடு நின்றிருந்தார்.

"என்னடீ மாடம்மா, மூட்டை இல்லாம வந்திருக்கே?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஜப்பான் எழுத்து பொய் என்பதையும் சொன்னேன். கோபப்படுவார், கொடுத்த காசைக் கேட்பார், கேட்கட்டும், சேலையைக் கொடுத்தால் போதும் என்று இருந்தேன். மாமி என்னை ரேழிக்குள் வரச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

"அது எனக்கு அப்பவே தெரியும்," என்றார். "ஃபால்ஸ் கோணலா இருந்தது. பிரிச்சுத் தச்சேன். அடியில சூரத்துன்னு கொட்டை எழுத்துல இருந்தது. அன்னிக்கு நீ வந்திருந்தா உன்னை என்ன பண்ணியிருப்பேனோ."

"ஏன் மாமி என்னைக் கூப்பிட்டுக் கேக்கல்ல?"

"கேட்டு? சம்பந்தியாத்துல மாமியாருக்குப் பாரின் சேலை வைக்கணும்னு ஆள்விட்டுச் சொல்லியிருந்தா. நெஜப் பாரினுக்கு நான் எங்கே போறது? நாலு நாள்ல கல்யாணம். பிரிச்ச ஃபால்ஸை நானே நேராத் தச்சு, தாம்பாளத்துல வச்சுக் குடுத்துட்டேன். நீ என்னை ஏமாத்தினே, நான் அவாளை ஏமாத்தினேன்."

"அந்தச் சேலை ஒரு மணிக்கூர் மட்டும் வேணும், மாமி. நாளைக்குள்ள வேணும். முத்திரையக் காட்டிட்டுத் திருப்பிக் குடுத்துருவேன்."

"என்னன்னு சொல்லிக் கேப்பேன்? கரமனையில போற வர்றவாகிட்டல்லாம் ஜப்பான் சேலை, சம்பந்தி குடுத்தான்னு காட்டிண்டிருக்கா அந்த மாமி. மத்த எல்லாத்துலயும் எங்களைக் குறைதான். பாத்திரம் கனமில்லை, நகை கனமில்லைன்னு தெனம் சூடாமணியைக் குத்திண்டே இருக்கா. அந்தச் சேலை ஒண்ணுதான் அவா வாயை அடைச்சு வச்சிருக்கு."

"அவர ஒரு வருசம் உள்ள போட்டுருவாங்க, மாமி."

மாமி அழுதார். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்த வீட்டுக்கு நான் மூன்று வருஷமாகச் சேலை கொண்டுபோகிறேன். பாயில் வைத்துவிட்டு நகர்ந்து நிற்க வேண்டும், நான் நகர்ந்த பிறகுதான் மாமி எடுப்பார். ஒருநாளும் விரல்கூடப் பட்டதில்லை. அந்தக் கை என் கையைப் பிடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டது.

"அந்தாத்து வாசலுக்குப் போயிடாதேடீ. என் குழந்தையை அனுப்பிச்சுடுவா. நீயும் பொண்ணு பெத்தவதானே. போகமாட்டேன்னு சொல்லு."

"போகமாட்டேன், மாமி," என்று சொன்னேன்.

சொன்னபோது மனசாரத்தான் சொன்னேன். அதை யாரும் நம்ப வேண்டாம், ஆனால் உண்மை அது. தெருமுனைக் கோயில்வரை வந்தேன். அங்கிருந்து சுங்க அலுவலகம் கால்மணி நடை. அந்தக் கால்மணியில் என்னென்ன நினைத்தேன் என்று இப்போது சொன்னால் எனக்குச் சாதகமாகத்தான் சொல்லுவேன். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கிறது. கம்பியை விட்டுவிட்டு அவர் முகத்தில் கை வைத்துக்கொண்டதை நினைத்தேன். அலுவலகப் படியில் ஏறி உட்கார்ந்தேன். சாயங்காலம் எல்லாரும் மேசையைப் பூட்டுகிற நேரத்தில் நீலகண்டன் சார் வெளியே வந்தார்.

"கிடைச்சுதோ?"

"கரமனையில இருக்கு, சாரே," என்றேன். வீட்டைச் சொன்னேன். பேரைச் சொன்னேன்.

அவர் தாளில் குறித்துக்கொண்டார். "பயப்படவேண்டாம். முத்திரை இருந்தா அது உள்ளூர்த் துணி. அந்தாத்துக்காராளுக்கு ஒரு கேஸும் வராது."

"கேஸ் வராது, சாரே. அது எனக்குத் தெரியும்," என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை அவரும் சத்தியதாஸும் ஜீப்பில் போனார்கள். அடையாளம் காட்ட நானும் போக வேண்டியிருந்தது. கதவைத் திறந்தது சூடாமணி. என்னைப் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்கு முகம் மலர்ந்தது. அம்மா ஏதோ கொடுத்தனுப்பியிருக்கிறார் என்று நினைத்திருக்கும். பின்னால் ஜீப்பையும் ஆட்களையும் பார்த்த பிறகுதான் சிரிப்பு போனது.

மாமியார் பயந்துபோய்ச் சேலையைக் கொண்டுவந்தார். அரக்குச் சிவப்பில் வெள்ளைப் பூ. துவைக்கவே இல்லை, மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார். "சம்பந்தியாத்துல குடுத்தது, எங்களுக்கு ஒண்ணும் தெரியாது, கடத்தலோ என்னமோ அவாதான்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நீலகண்டன் சார் கத்தரிக்கோல் கேட்டார். சூடாமணிதான் எடுத்து வந்தாள். அவளே தரையில் உட்கார்ந்து ஃபால்ஸைப் பிரித்தாள். அவள் அம்மா தைத்த தையல். நெருக்கமான, சின்னச் சின்னத் தையல், பிரிக்க நேரமானது.

முத்திரை கலையாமல் இருந்தது. நீலகண்டன் சார் குனிந்து மில்லின் பெயர், ஊர், டிசைன் நம்பர் எல்லாவற்றையும் சத்தமாக வாசித்தார். சத்தியதாஸ் எழுதிக்கொண்டார். நீலகண்டன் சார் அலமாரியிலிருந்து கொண்டுவந்திருந்த சேலை ஒன்றைப் பக்கத்தில் விரித்து, சின்ன பூதக்கண்ணாடியை வைத்து இரண்டிலும் இழை எண்ணினார். கரை ஓரத்துப் பச்சை நூல் இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தது.

"சூரத்துதான். சந்தேகமே இல்லை," என்றார். எனக்கு அந்த இடத்திலேயே அவர் காலில் விழ வேண்டும்போல் இருந்தது.

"அப்போ இது பாரின் இல்லையா?" என்றார் மாமியார்.

"இல்லை மாமி. சுத்த உள்ளூர். நீங்க பயப்படறதுக்கு ஒண்ணும் இல்லை."

நல்ல மனிதர், ஆறுதலாகத்தான் சொன்னார். மாமியார் தலையை ஆட்டினார். பயம் போய்விட்டது. அப்புறம் அவர் சூடாமணியைப் பார்த்தார். அந்தப் பெண் தரையில், மடியில் பிரித்த ஃபால்ஸோடு உட்கார்ந்திருந்தது.

"அதை மடிச்சு உன் பெட்டியில வை," என்றார் மாமியார். குரலை உயர்த்தவே இல்லை. "உன் சாமான் எல்லாத்தையும் அதுல எடுத்து வை."

சூடாமணி என்னைத்தான் பார்த்தாள். நான் ஜீப்புக்குப் போய்விட்டேன்.

சனிக்கிழமை மதியம் அவரை விட்டார்கள். கடத்தல் வழக்கு இல்லை என்று ஆனது, லேபிளுக்குப் போலீஸ் கூப்பிட்டால் அது உங்கள் பாடு என்று நீலகண்டன் சார் சொன்னார். அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. ஜெயில் வாசலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தெருவென்றும் பார்க்காமல் அழுதேன். மெலிந்துபோயிருந்தார். ஆனால் சிரித்தார்.

"நீ பதிச்ச எழுத்து என்னையே குழியில தள்ளப் பாத்துது, அல்லே?" என்று கேலி பண்ணினார். "எப்படிட்டி நிரூபிச்ச?"

"வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்."

சுற்றிப் போகலாம் என்றேன். நடக்க முடியவில்லை, நேர்வழியில் போவோம் என்றார். நேர்வழி வலியசாலை வழி. சாவித்ரி மாமி வீட்டு வாசலில் ஆட்டோரிக்ஷா நின்றிருந்தது. ஒரு ஆள் தகரப்பெட்டியை இறக்கித் தரையில் வைத்துவிட்டு, உள்ளே தலையைக்கூட நீட்டாமல் அதே வண்டியில் ஏறிப் போனான். பெட்டிப் பக்கத்தில் சூடாமணி நின்றாள். மாமி வெளியே வந்தார். மகளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். ஆளுக்கொரு பக்கமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.

"சாவித்ரி மாமி மக அல்லே அது? பெட்டியோட வந்திருக்கு. பிரசவத்துக்கா?" என்றார் என் வீட்டுக்காரர்.

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மாமி கையைப் பிடித்ததையும், போகமாட்டேன் என்று நான் சொன்னதையும் விடவில்லை. அவர் அந்த வீட்டு வாசலையே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் ஒரு வருசம் இருந்துட்டு வந்திருப்பேனே, மாடம்மா," என்றார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. மூன்று வாரம் சோறு இறங்காமல் அலைந்தது, ஊர் சிரிக்க அச்சு பதித்துக் காட்டியது, எல்லாம் தொண்டைக்கு வந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை. இருந்திருப்பார். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் அந்த மனிதர் பொய்க் கையெழுத்துப் போட்டு உள்ளே போனார். நான் ஒரு பெண்ணைக் காட்டிக்கொடுத்து அவரை வெளியே கொண்டுவந்தேன்.

"நீங்க இருந்திருப்பீங்க," என்றேன். "நான் இருக்க விட்டிருக்க மாட்டேன்."

நான் அந்த வீட்டுப் பக்கம் திரும்பாமல் முன்னால் நடந்தேன். சாலைக் கடைத்தெரு வருகிறவரை எனக்கு அழுகை நிற்கவில்லை.